பிளக்கைப் பிடுங்கும் முன்

ஏலக்காரரின் குரல் அப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அவருடைய மைத்துனி வீட்டுப் பின்னறையில், மேசைக்கு அடியில் நிற்கும் கம்ப்யூட்டருக்குள்.

தொண்டையில் வளர்ந்திருந்த கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் வார்டில் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டுகிறார், பக்கத்துக் கட்டில்காரரிடம் கையை ஆட்டி அரசியல்கூடப் பேசுகிறார். ஆனால் மீன் சந்தையின் இரைச்சலுக்கு மேலே, மைக் இல்லாமல், கடைசி வரிசையில் நிற்பவரின் காதில் போய் விழும் அந்தக் குரல் இனி வராது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி முன்கூட்டியே ஒரு வழி சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன்பே நூற்றுக்கணக்கான வாக்கியங்களை அவர் வாயாலேயே படிக்கச் சொல்லிப் பதிந்து கொடுத்தால், அதை வைத்து ஒரு செயற்கைக் குரல் செய்யலாம். அவர் போனில் எழுதினால் போன் அவர் குரலில் பேசும். பதிவு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பதிவு செய்யும் பொறுப்பை மைத்துனி ஏற்றுக்கொண்டாள். அவள் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்பவள். மௌஸ் அவளுக்கு மேசையின் ஓரத்தில் கிடக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துக் கட்டளைகளைத் தட்டி என்டரை அழுத்துவாள். மெஷின் ஒரு வரியில் பதில் சொல்லும், அல்லது சொல்லாது. இதைப் பார்த்துவிட்டுத்தான் ஏலக்காரர் அவளுக்குத் தந்தியம்மா என்று பெயர் வைத்தார். பதிவுக்கு வரும் நாளெல்லாம் வாசலிலேயே, "தந்தி ஆபீஸ் திறந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்.

சுவரோரம் மெத்தையைச் சாய்த்து வைத்து, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிந்தார்கள். ரெக்கார்டரின் மெமரி அட்டையில் இடம் குறைவு என்பதால் அன்றன்றைக்குப் பதிந்ததை அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்பு இருந்ததன் வாலில் ஒட்டி, அட்டையைத் துடைத்துவிடுவாள். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த ஒரே நீளமான கோப்பு. கடைசிப் பதிவு முடிந்த மறுநாள் காலை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு கொண்டுபோவது, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது, அவர் மனைவியான தன் அக்காவைத் தேற்றுவது என்று ஓடியதில் அந்தக் கோப்புக்கு நகல் எடுக்க நேரம் வாய்க்கவில்லை. அதற்காக வாங்கிய புது டிஸ்க் உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது. அடுத்தவர் சர்வர் என்றால் நாளுக்கு இரண்டு நகல் எடுப்பவள் அவள்.

அன்று பிற்பகல் பயிற்சியாளரிடம் பதிவைக் கொடுக்க வேண்டும். முழுப் பதிவும் வேண்டும், வாக்கியம் வாக்கியமாக வெட்டிய துண்டுகளும் வேண்டும். காலையிலிருந்து அவள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் ஒரு வாரமாகத் தங்கை வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

"ஏண்டி, கொஞ்சம் போட்டுக் காட்டேன்."

"எதை?"

"அவர் பேசுறதத்தான். ஆஸ்பத்திரில கையக் கைய ஆட்டுறாரு. எனக்கு என்னமோ யாரோ மாதிரி இருக்கு."

தங்கை இன்னொரு டெர்மினலை, கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலை, திறந்து, பெரிய பதிவை பிளேயரில் ஓடவிட்டாள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும் என்று காட்டிக் கொடுத்தாள். அறை முழுக்க ஏலக்காரரின் குரல் நிறைந்தது.

"நீல நிறப் பை மேசைக்கு அடியில் இருக்கிறது." சின்ன இடைவெளி. "பை இருக்கட்டும். தந்தியம்மா, ஒரு டம்ளர் தண்ணி மேசைக்கு மேல வருமா?"

அக்கா சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் இரண்டும் மாறி மாறி நடந்தது. அதற்குள் அவளுடைய போன் அடித்தது. வார்டிலிருந்து நர்ஸ். அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டிக் குரலை நிறுத்திவிட்டு, போனோடு பால்கனிக்குப் போனாள்.

தங்கை தன் வேலை நடக்கும் டெர்மினலுக்குத் திரும்பினாள். வெட்டிய துண்டுகள் எல்லாமே அரை விநாடி தள்ளிப்போயிருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தும் முந்தைய துண்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இதே கதை. வெட்டுவது, கேட்டுப் பார்ப்பது, சரியில்லை என்றால் துண்டுகளை மொத்தமாக அழிப்பது, மறுபடி வெட்டுவது. கட்டளைகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மேல் அம்பை ஒவ்வொரு முறை தட்டும்போதும் முன்பு கொடுத்த கட்டளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும். அழித்த பிறகு மூன்று தட்டு தட்டினால் வெட்டும் கட்டளை வந்து நிற்கும். விரல் அதற்குப் பழகிவிட்டது.

இந்த முறை துண்டுகளை அழித்த பிறகு அவள் ஒரு படி மேலே, பெரிய பதிவு இருக்கும் ஃபோல்டருக்கு வந்தாள். அதன் நீளத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மேலே வந்ததற்கு ஒன்று, நீளம் பார்த்ததற்கு ஒன்று என்று இரண்டு கட்டளை. பிறகு விரல் வழக்கம்போல மூன்று தட்டு தட்டி, என்டரை அழுத்தியது.

நடுவில் இரண்டு கட்டளை நுழைந்துவிட்டதால் மூன்றாவது தட்டில் வந்து நின்றது வெட்டும் கட்டளை அல்ல. அழிக்கும் கட்டளை. நான் நிற்கும் இடத்தில் இருக்கிற ஒலிக் கோப்புகளையெல்லாம் அழி என்பது அதன் பொருள். துண்டுகளின் ஃபோல்டரில் நின்று சொன்னால் துண்டுகள் போகும். இங்கே நின்று சொன்னால்?

அந்தக் கட்டளை நிச்சயமாகவா என்று கேட்பதில்லை. முடித்துவிட்டேன் என்றும் சொல்வதில்லை. அடுத்த வரியில் கர்சர் அமைதியாகக் கண்சிமிட்டியது.

ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. அது தெரிந்தும் இன்னொரு தடவை பார்த்தாள்.

பால்கனியில் அக்கா, "சரிங்க, தொடைக்கிற துண்டு ரெண்டு கொண்டுவர்றேன், சரிங்க" என்று சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. ரெக்கார்டரின் அட்டை துடைத்தாயிற்று. துண்டுகள் சற்று முன்புதான் போயின. திரும்பப் படிக்கச் சொல்ல ஆளுக்குக் குரல்வளை இல்லை.

அவள் தொழிலில் இப்படி ஆகிவிட்டால் செய்ய வேண்டியதென்று ஒன்று உண்டு. மெஷினை உடனே நிறுத்த வேண்டும். முறையாக ஷட் டவுன் செய்வதுகூடக் கூடாது, அந்த நேரத்தில் அது டிஸ்க்கில் எதையாவது எழுதித் தொலைக்கும். அழிந்த கோப்பின் மேல் வேறெதுவும் எழுதப்படுவதற்குள் மின்சாரத்தையே துண்டித்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, மீட்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தலை வேலை செய்யாவிட்டாலும் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, மேசைக்கு அடியில் நுழைந்தாள். அங்கே ஒயர்கள் பின்னிக் கிடந்தன. மானிட்டருடையது, பிரின்டருடையது, போன் சார்ஜர். கம்ப்யூட்டரின் பிளக் கையில் அகப்பட்டது. அதை இறுகப் பிடித்தாள்.

அக்கா உள்ளே வரும் காலடி கேட்டது.

"துண்டு கேக்குறாங்க. நேத்து வச்சத யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். நீ அங்க என்ன தேடுற?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பிளேயர் ஓடிய ஜன்னலை மௌஸால் தட்டி முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்பேஸ் பாரை அழுத்தினாள்.

"மழை நின்ற பிறகு கதவைத் திற," என்றார் ஏலக்காரர். "இத யாரு எழுதினது? வெளிய நிக்கிறவன் நனைஞ்சு முடிக்கிற வரைக்கும் இவ உள்ள நின்னு வேடிக்கை பாப்பாளா?"

மேசைக்கு அடியில் தங்கை பிளக்கைப் பிடித்த கையோடு அப்படியே இருந்தாள்.

இல்லாத கோப்பு பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த வாக்கியம் வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழிக்கும் கட்டளை எடுத்துப்போட்டது கோப்பின் பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருப்பதை இந்த மெஷின் விட்டுவிடாது. பிளேயர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளேயரை மூடினால் போயிற்று. பதிவு ஓடி முடிந்தால் பிளேயர் தானாக மூடிக்கொள்ளும், அப்போதும் போயிற்று. பிளக்கைப் பிடுங்கியிருந்தால் பிளேயரும் அணைந்து...

கையை நெருப்பிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தாள்.

"அக்கா! நிறுத்து!"

"என்னடி?"

"ஸ்பேஸத் தட்டு! ஸ்பேஸ் மட்டும்! வேற எதையும் தொடாத!"

எழுந்த வேகத்தில் மேசையின் விளிம்பு மண்டையில் இடித்தது. குரல் நின்றது. தங்கை தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது அக்காவின் கை மௌஸின் மேல் இருந்தது. கர்சர் அந்த ஜன்னலின் மூலையில், மூடும் குறிக்குப் பக்கத்திலேயே நின்றது. அக்காவுக்கு அது ஒரு பழக்கம். போனிலும் சரி, கம்ப்யூட்டரிலும் சரி, பார்த்து முடித்ததை உடனே மூடிவிடுவாள்.

"கைய எடு, அக்கா."

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"நீ ஒண்ணும் பண்ணல. தெய்வமே, நீ ஒண்ணும் பண்ணல. கைய மட்டும் எடு. மெதுவா."

அக்கா இரண்டு கைகளையும், போலீஸைக் கண்டவள்போல, மேலே தூக்கினாள். தங்கை மௌஸைப் பிடுங்கி மேசையின் மறுபக்கத்தில் வைத்தாள். பிறகு தன் டெர்மினலுக்கு வந்தாள். பிளேயருக்கு மெஷின் கொடுத்திருக்கும் எண்ணைக் கேட்டாள். அந்த எண் எதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறது என்று கேட்டாள். வந்த வரிகளில் ஒன்றில் பதிவின் பெயர் இருந்தது, பக்கத்தில் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு. செத்துப்போனதாகக் குறித்துவிட்டு ஆளைத் திடமாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தது மெஷின்.

புது டிஸ்க்கின் உறையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். செருகினாள். நகலெடுக்கும் கட்டளையை எழுதினாள். எழுதியதை ஒரு தடவை, ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுப் படித்தாள். அதற்குப் பிறகுதான் என்டர்.

கர்சர் அடுத்த வரியில் போய் நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப என்ன?" என்றாள் அக்கா. கைகள் இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தன.

"காப்பி ஆகுது."

"ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லாது."

"எவ்வளவு ஆச்சு, இன்னும் எவ்வளவு இருக்குன்னுகூடவா?"

"தப்பானாத்தான் வாயத் திறக்கும். பேசாம இருந்தா நல்லா போகுதுன்னு அர்த்தம்."

அக்கா திரையைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "இப்படி ஒரு ஜென்மத்தோட எப்படிடி காலம் தள்ளுற? கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி உக்காந்திருக்கு."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. திரையைப் பார்த்தபடியே, நடந்ததைச் சொன்னாள். மூன்று தட்டு, நின்ற இடம், அழிந்தது, மேசைக்கு அடியில் போனது, எல்லாவற்றையும். அக்கா குறுக்கே எதுவும் பேசவில்லை. அது தங்கைக்கு மெஷினின் மௌனத்தைவிடப் பயமாக இருந்தது.

"அப்ப அது போயிடுச்சா?"

"போச்சு. ஆனா போகல. நீ போட்டுக் கேட்டியே, அந்த பிளேயர் அத விடாம பிடிச்சு வச்சிருக்கு. அது மூடுறதுக்குள்ள இங்கேர்ந்து எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"நான் கேக்கணும்னு சொல்லலன்னா?"

"பிளேயரே ஓடியிருக்காது."

"போன் பேசிட்டு வந்து இன்னும் கொஞ்சம் கேப்போம்னு தட்டலன்னா?"

"பிளக்கப் பிடுங்கியிருப்பேன்."

அக்கா அவளுடைய தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல அடி. வலித்தது. அடித்த கையை எடுக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேலை பாக்குற இடத்துலயும் இப்படித்தான் பண்ணுவியா நீ?"

"அங்க காப்பி எடுத்து வச்சிருப்பேன்."

"அங்க எடுப்ப. இங்க நான் கேனச்சி, எனக்கு வேணாம்."

"அக்கா, ப்ளீஸ்."

கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்ப மறுத்தது. அக்காவின் போனில் சார்ஜ் குறைந்ததற்கான மணி ஒலித்தது. அவள் பழக்கதோஷத்தில் குனிந்து சார்ஜரின் ஒயரைத் தேடினாள்.

"அக்கா!"

"இல்லடி, போன்ல..."

"அந்த ஸ்விட்ச்சு போர்டு பக்கமே போகாத! கம்ப்யூட்டரும் அதுலதான் இருக்கு. போன் செத்தா சாகட்டும்."

"நர்ஸு கூப்பிட்டா?"

"என் போன்ல கூப்பிடச் சொல்லு."

அக்கா காலை மடக்கி நாற்காலியின் மேலேயே வைத்துக்கொண்டாள், கீழே வெள்ளம் வந்தவள்போல. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தங்கை கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்தாள். எந்த நிமிஷமும் அது வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடும், டிஸ்க்கில் இடமில்லை என்றோ படிக்க முடியவில்லை என்றோ, என்று எதிர்பார்த்தாள்.

அது எதுவும் சொல்லவில்லை. புதிய வரி வந்தது. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரி.

"முடிஞ்சுதா?"

"இரு."

அழிவதற்கு முன் பார்த்த நீளம் அவளுக்கு நினைவிருந்தது. கடைசியாகப் பார்த்தது அதைத்தானே. புது டிஸ்க்கில் இருந்ததன் நீளமும் அதே எண். தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தாள்: தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார் ஏலக்காரர். நடுவில் ஓர் இடம்: ரயில் நேரத்தைப் பற்றி ஏதோ ஒரு வாக்கியம். கடைசி: நாற்காலி நகரும் சத்தம், "முடிஞ்சுதா? கழுத்தெல்லாம் வேர்வை. ஃபேனப் போடுங்கம்மா," பிறகு ஃபேன் சுற்றத் தொடங்கும் ஓசை, அதோடு பதிவு முடிந்தது.

தங்கை மேசையின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் இருக்கட்டும் என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"இடிச்ச எடம் வீங்கியிருக்குடி."

"வீங்கட்டும்."

"இப்ப அந்த ஜன்னல மூடலாமா?"

"வேணாம். இன்னொரு காப்பி எடுத்துக்கிறேன்."

இன்னொன்று எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரிலேயே வேறோர் ஃபோல்டரில் ஒன்று, தன் போனில் ஒன்று, அலுவலக சர்வரில், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று, ஒன்று. அக்கா தன் போனிலும் ஏற்றச் சொன்னாள். அதற்காக மட்டும் சார்ஜரைத் தொட அனுமதி கிடைத்தது. வாக்கியங்களை வெட்ட இனி நேரமில்லை. முழுப் பதிவை மட்டும் கொண்டுபோவது என்று முடிவானது.

"துண்டு துண்டா நாங்களே வெட்டிக்கிறோம், அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றார் பேச்சுப் பயிற்சியாளர், தன் அறையில் பதிவை ஓடவிட்டுக் கேட்டபடியே. "ரொம்பச் சுத்தமா வந்திருக்கு. இவ்வளவு நல்லா யாரும் கொண்டுவந்து குடுத்ததில்ல." தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா இருமினாள்.

வார்டில் ஏலக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு, அதன் நடுவில் மூச்சுக்கான குழாய். மைத்துனியின் முகத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். போனில் எழுதிக் காட்டினார்: கண்ணு ஏன் செவந்திருக்கு? எனக்கு ஏதாவது மோசமா சொல்லிட்டாங்களா?

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க," என்றாள் அக்கா அவசரமாக.

வழியெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆள் தேறி வரட்டும், பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று தங்கை கெஞ்சியிருந்தாள். அக்கா தலையாட்டியிருந்தாள். ஆனால் அவர் இப்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயில் சொல்லாததைக் கண்ணில் பிடித்துவிடும் ஆள் அவர், ஏலத்தில் அதுதான் அவர் பிழைப்பு. பயம் அவர் முகத்தில் ஏறுவதைத் தங்கை பார்த்தாள்.

"நானே சொல்றேன், அத்தான்," என்றாள். "உங்க பதிவ நான் அழிச்சுட்டேன். பயப்படாதீங்க, இருக்கு, இப்ப பத்திரமா இருக்கு, குடுத்துட்டும் வந்துட்டோம். நடுவுல கொஞ்ச நேரம் இல்ல."

சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அக்கா பறித்துக்கொண்டாள். மேசைக்கு அடியில் தங்கை மண்டியிட்டிருந்த கோலத்தையும், தான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், மண்டையில் மேசை இடித்த சத்தத்தையும் அவள் சொல்லிக்கொண்டே போக, ஏலக்காரரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. குழாயிலிருந்து மட்டும் காற்று விட்டுவிட்டுச் சீறியது. கண்களில் நீர் வழிந்தது. கட்டில் ஆடியது.

நர்ஸ் ஓடி வந்தாள். "என்னாச்சு? மூச்சு முட்டுதா?"

"இல்ல சிஸ்டர்," என்றாள் அக்கா. "சிரிக்கிறாரு."

நர்ஸ் குனிந்து குழாயைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பத்தான் இவர் சிரிச்சுப் பாக்குறேன். சிரிங்க, தப்பில்ல. தையல் இருக்கு, கொஞ்சம் பாத்து." தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நிதானமாக எழுதினார். மைத்துனியிடம் நீட்டினார்.

திரும்பப் படிக்கச் சொல்லியிருந்தா, அந்தக் கதவு வாக்கியத்துக்குப் பயந்தே ஓடிப்போயிருப்பேன்.

அக்கா எட்டிப் படித்துவிட்டு, "இந்த வாய் மட்டும் எங்க ஆபரேஷன் பண்ணாலும் போகாது," என்றாள்.

தங்கை வராந்தாவுக்கு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் நசுங்கிக் கிடந்தது. பிரித்து, ஒன்று விடாமல், தூளையும் உள்ளங்கையில் கொட்டித் தின்றாள். அக்கா இரண்டு கப் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா எழுப்பவில்லை. ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஆறிப்போகுமே என்று அடுத்ததையும் எடுத்துக்கொண்டாள்.